படித்துறையில் ஒரு உடம்பு இறங்குகிறது

ஆற்றுப் படித்துறையோ, தெப்பக்குளமோ, வயல் கிணறோ, எதுவானாலும் சரி. 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவர் அதில் படிப்படியாக இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் அவர் உடம்பில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. உடம்பு ஒதுக்கும் தண்ணீரின் எடை அளவுக்கு அதன் எடை குறையும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கைத் தங்கள் சொந்த உடம்புக்குப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டுப் பார்த்தவர் ஆற்றில் இறங்கும் விதமே வேறாக இருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. கடல் தண்ணீர் என்றால் 1.025 கிலோ. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் அழுத்தம் 0.735 மில்லிமீட்டர் பாதரசம் கூடும், அதாவது ஒரு மீட்டருக்கு 73 அல்லது 74. டாக்டர் 120, 80 என்று எழுதித் தருகிறாரே, அதே அளவுகோல்தான். கடைசியாக, வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு கெட்டி.

முழங்கால் அளவு

முழங்கால் வரை இறங்கியவரின் காலும் பாதமும் சேர்ந்து ஆறு லிட்டர் தண்ணீரை ஒதுக்கியிருக்கும். ஆக, அவர் எடையில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. அவருக்கு அது தெரியாது. கணுக்கால் இப்போது 35, 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் 25 முதல் 30 மில்லிமீட்டர். நரம்பு சுருட்டல் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் இறுக்கமான காலுறை கணுக்காலில் கொடுப்பதும் பெரும்பாலும் 20 முதல் 30 வரைதான். முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால் வீங்கிய கால் இலேசாவது இதனால்தான். காலுறையைப் போலவே தண்ணீரும் கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்துகிறது. தைத்துச் செய்த எந்தக் காலுறையும் இவ்வளவு சீராக அந்த ஏற்ற இறக்கத்தைக் கொடுக்காது. கால் புண் இருந்தால் மட்டும் குளத்துத் தண்ணீரில் இந்த வைத்தியம் வேண்டாம்.

நிற்கிற தண்ணீரில் இது சுகம். ஓடுகிற தண்ணீரில் கதை வேறு, அதைத் தொப்புள் அளவுக்குப் போனபின் பார்ப்போம்.

தொப்புள் அளவு

தொப்புள் வரை தண்ணீர் வந்ததும் எடை பாதியாகிவிடும். 60 கிலோ ஆள் இப்போது தரையில் 30 கிலோதான் ஊன்றுகிறார். நெஞ்சுக்குழி வரை போனால் தரையில் ஊன்றுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. கழுத்து வரை போனால் பத்தில் ஒரு பங்கு, ஆறு கிலோ. ஆணா பெண்ணா, கொழுப்பு எங்கே படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்று முன்பின் இருக்கும்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு, எலும்பு முறிந்து கூடி வருகிறவருக்கு, இந்தப் பட்டியல்தான் மருந்துச் சீட்டு. “பாதி எடை மட்டும் ஊன்றலாம்” என்று டாக்டர் சொன்னால் தரையில் ஊன்றுகோலோடு அதைச் சரியாகச் செய்ய யாராலும் முடியாது. தொப்புள் ஆழத் தண்ணீரில் நின்றால் தானாக நடந்துவிடும். வாரம் போகப் போக நெஞ்சிலிருந்து தொப்புளுக்கு, தொப்புளிலிருந்து தொடைக்கு என்று ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் எடை ஏறிக்கொண்டே வரும். ஒன்று கவனிக்க வேண்டும். இந்த விகிதங்கள் அசையாமல் நிற்கும்போதுதான். வேகமாக நடந்தாலோ குதித்தாலோ பாதம் தரையில் மோதும் சுமை நன்றாகவே கூடும்.

தண்ணீரின் இன்னொரு குணமும் இங்கேதான் வேலைக்கு வருகிறது. அசையும் கையையும் காலையும் அது எதிர்க்கிறது. பல குறிப்புகளில் இதற்குக் காரணம் பாகுநிலை என்று எழுதியிருப்பார்கள். அது பாதிக்கும் கீழ் உண்மை. தேன் மாதிரி ஒட்டிக்கொண்டு இழுப்பதற்குத் தண்ணீர் அவ்வளவு கெட்டியான திரவம் இல்லை. நம் கை அளவுள்ள ஒரு பொருள் அசையும்போது முக்கியமான செலவு எதிரே இருக்கும் தண்ணீரைத் தள்ளி ஒதுக்குவதுதான், அதற்குக் காரணம் அடர்த்தி. அதனால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் நான்கு மடங்கு எதிர்ப்பு, மூன்று மடங்கு வேகமென்றால் ஒன்பது மடங்கு. உள்ளங்கையை விரித்து வீசினால் ஒரு பாரம், கத்தி மாதிரி விளிம்பால் வெட்டினால் அதில் சிறு பங்கு. வலிக்கிறதென்று நிறுத்திவிட்டால் எதிர்ப்பும் அந்த நொடியிலேயே நின்றுவிடும். இரும்புப் பளுவை அப்படி நடுவழியில் விட முடியாது, அது உங்கள் மேலேயே விழும். தோள்பட்டை அறுவைக்குப் பின் பயிற்சி செய்கிறவர்களுக்குத் தண்ணீர் தோதாக இருப்பது இதனால்.

ஓடும் தண்ணீரில் ஒரு கணக்கு

இனி அந்த வேறு கதை. மிதப்பும் எதிர்ப்பும் தனித்தனியாக நல்லவை. ஒன்று சேர்ந்தால் ஆளை அடித்துக்கொண்டு போகும்.

தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். சாதாரண நடை வேகம், பார்க்கப் பயமே வராது. முழங்கால் ஆழத்தில் இரண்டு கால்களின் மேல் விழும் தள்ளு சுமார் 5 கிலோ. தரையில் ஊன்றியிருப்பது 54 கிலோ. மணல் தரையென்றால் அதில் பாதியளவாவது பிடிமானம் கிடைக்கும், 27 கிலோ. அசைக்க முடியாது. அதே தண்ணீர் தொப்புள் வரை வந்தால் தள்ளு 14, 15 கிலோவாகிறது. ஊன்றியிருப்பதோ 30 கிலோ, பிடிமானம் அதில் பாதி, 15. கணக்கு சரிக்குச் சரியாக முடிந்துவிட்டது. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும் நொடியில் அவர் போய்விடுவார். பாசி பிடித்த படியென்றால் பிடிமானம் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது, நிற்கும்போதே வழுக்கும். வேகம் ஒன்றரை மீட்டர் ஆனால் தள்ளு 30 கிலோவைத் தாண்டும். எந்தத் தரையும் காப்பாற்றாது.

நெஞ்சை நிமிர்த்தி “இடுப்புத் தண்ணிதானே” என்று இறங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஆழம் ஏற ஏறத் தள்ளுகிற பரப்பு கூடுகிறது, ஊன்றுகிற எடை குறைகிறது. இரண்டும் ஒரே திசையில் எதிரி. பலசாலி என்பதால் இதில் ஒரு சலுகையும் கிடையாது.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கரையில் பத்து அடி, அதாவது மூன்று மீட்டர், அளந்து இரண்டு கல் வையுங்கள். மேல்பக்கம் ஒரு தேங்காய் மட்டையை எறியுங்கள். இரண்டு கல்லுக்கும் இடையிலான தூரத்தை அது மூன்று நொடியில் கடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர். நடு ஆற்றில் வேகம் கரையோரத்தைவிட அதிகம் என்பதால் மட்டையை உள்ளே தள்ளி எறிய வேண்டும். மூன்று நொடியோ அதற்குக் குறைவோ என்றால் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. கடந்தே ஆகவேண்டுமென்றால் வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள், விரிந்த துணி தள்ளும் பரப்பை இரட்டிப்பாக்கும். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். அடித்துக்கொண்டு போய்விட்டால் மல்லாந்து, காலை முன்னே நீட்டி, பாதம் நீர்மட்டத்தில் தெரியும்படி போக விடுங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்று பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னே மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்திருக்கையில் கையைக் கீழே விட்டால் தரை தட்டுகிற அளவுக்கு ஆழம் குறைந்த பிறகுதான் எழ வேண்டும்.

கழுத்து அளவு

நின்ற தண்ணீருக்கே திரும்புவோம். கழுத்து வரை இறங்கியவரின் பாதத்தில் இப்போது 99 மில்லிமீட்டர் அழுத்தம், கெண்டைக்காலில் 80. காலின் சிரைகளிலும் வயிற்றுச் சிரைகளிலும் தேங்கியிருந்த இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சுமார் 700 மில்லி இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்கு இடம் பெயர்கிறது என்று அளந்திருக்கிறார்கள், ஒரு டம்ளர் இரண்டு டம்ளர் அல்ல. இதயத்தின் அறைகள் விரிந்து, ஒரு துடிப்புக்கு அது வெளியேற்றும் இரத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆள் சும்மா நிற்கிறார், இதயம் கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நல்ல இதயத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. பலவீனமான இதயத்துக்குப் பொருட்டு. இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுப்பவர் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பார், கழுத்தளவுத் தண்ணீர் அதைவிடக் கடுமையான சோதனை. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, தொப்புள் அளவோடு நிற்பது நல்லது.

இதயத்தின் மேலறைகள் விரிந்ததும் உடம்பு ஒரு தப்புக் கணக்குப் போடுகிறது. “இரத்தம் அதிகமாகிவிட்டது, வெளியேற்று” என்று அந்த அறைகளே ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. நீரைப் பிடித்துவைக்கும் மூளையின் ஹார்மோன் குறைகிறது. சிறுநீரகம் நீரையும் உப்பையும் கொட்டத் தொடங்குகிறது. குளத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு முட்டுவது கெட்ட பழக்கமும் இல்லை, குளிர் மட்டும் காரணமும் இல்லை. வெதுவெதுப்பான தொட்டியிலும் இதேதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருக்கிறவர்கள் இறங்குமுன் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காக. சுற்றிலும் தண்ணீர் இருக்க உடம்பு உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்.

மூச்சும் மாறுகிறது. வயிற்றை அழுத்தும் தண்ணீர் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, விலா எலும்புகளை வெளியிலிருந்து இறுக்குகிறது, நெஞ்சுக்குள் வந்த இரத்தமும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மூச்சு விடுவதற்கான உழைப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. நீச்சல் தெரியாதவர் கழுத்தளவில் நின்று “நெஞ்சை அடைக்குது” என்றால் அதைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி நிஜமான பாரம். நெஞ்சுக்குழி அளவுக்கு இரண்டு படி ஏறினால் தீரும். ஆஸ்துமாக்காரர்கள் மெதுவாக இறங்கிப் பழகினால் இதுவே மூச்சுத் தசைகளுக்கு நல்ல பயிற்சி.

இங்கே சினிமாவுக்கு ஒரு வார்த்தை. வில்லனின் ஆட்கள் தேடுகிறார்கள், கதாநாயகன் குளத்தின் அடியில் ஒரு குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பப்பாளி இலைத்தண்டை வைத்துப் பையன்களும் இதை முயல்வார்கள். நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் பாரம். 30க்கு 30 சென்டிமீட்டர் நெஞ்சுப் பரப்புக்கு 90 கிலோ. ஒன்றரை ஆள் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்க, வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஒரு மூச்சு இழுக்கலாம், பத்து இழுக்க முடியாது. கடையில் விற்கும் முகமூடிக் குழாய் ஒன்றரை அடிக்குள் நிற்பது காரணத்தோடுதான்.

மிதப்பதும் முழுகுவதும் நான்கு லிட்டர் காற்று

இப்போது காலை எடுத்துவிட்டு மிதக்கட்டும். நுரையீரலில் காற்றே இல்லை என்று வைத்தால் நம் ஆளின் கன அளவு சுமார் 56.6 லிட்டர். முழுக்க மூச்சை இழுத்தால் உள்ளே 5 லிட்டர் காற்று, மொத்தம் 61.6. முழுக்க விட்டாலும் 1.2 லிட்டர் உள்ளேயே தங்கும், மொத்தம் 57.8.

எடை 60 கிலோ. முழு மூச்சில் 1.6 லிட்டர் அளவு உடம்பு தண்ணீருக்கு வெளியே நிற்கும். மூச்சை விட்டால் 2.2 கிலோ பாரத்தோடு கீழே போவார். மிதப்புக்கும் முழுகலுக்கும் இடையில் இருப்பது இவ்வளவுதான், ஒரே ஒரு மூச்சு.

அந்த 1.6 லிட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் உயிர் பிழைக்கும் கலை. தலையின் கன அளவு நான்கைந்து லிட்டர். தலை முழுவதையும் வெளியே தூக்க அந்த 1.6 லிட்டர் போதாது. மல்லாந்து, காது முங்க, முகம் மட்டும் வெளியே என்றால் தாராளமாகப் போதும். “காதுக்குள் தண்ணீர் போகும்” என்று தலையைத் தூக்குகிற ஒவ்வொருவருக்கும் வாய் முங்குகிறது. ஒரு கை உடல் எடையில் 5 சதவீதம், மூன்று கிலோ. உதவிக்கு ஒரு கையைத் தூக்கி ஆட்டினால் மூன்று கிலோவைத் தலையில் ஏற்றிக்கொண்ட மாதிரி. கத்தினால் காற்று போகும். அதனால்தான் உண்மையிலேயே முழுகிக்கொண்டிருப்பவர் கத்துவதும் இல்லை, கையாட்டுவதும் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் விளையாடுகிற மாதிரி இருக்கும்.

மல்லாந்தவருக்குக் கால் முங்குவது இன்னொரு புகார். உடம்பின் எடை மையம் இடுப்பருகே இருக்கிறது. மிதப்பு மையமோ காற்று நிறைந்த நெஞ்சில். ஒன்று மேலே தூக்குகிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது, இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்வரை உடம்பு சுழலும். கால் இறங்கும். காலை உதைத்துத் தூக்குவது வீண் செலவு. கைகளைத் தலைக்கு மேலே, தண்ணீருக்கு உள்ளேயே நீட்டுங்கள், முழங்காலைச் சற்று மடியுங்கள். எடை மையம் தலைப்பக்கம் நகரும், கால் தானே எழும். கால் மெலிந்து எலும்பும் தசையுமாக இருப்பவர்களுக்கு முழுதாக எழாது. பரவாயில்லை, சாய்வாகவே மிதக்கலாம். தலையைத் திருப்பும் பக்கம் உடம்பு உருளும் என்பதும் நினைவிருக்கட்டும். 1949இல் லண்டனில் ஜேம்ஸ் மெக்மில்லன் ஊனமுற்ற சிறுமிகளுக்கு நீச்சல் கற்றுத்தரத் தொடங்கிய ஹாலிவிக் முறை, இந்த உருளலைக் கட்டுப்படுத்துவதையே முதல் பாடங்களில் ஒன்றாக வைத்தது. டியூப், காற்றுப் பை எதுவும் அதில் கிடையாது.

நம் ஊரில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழக்குவார்கள், இப்போது பிளாஸ்டிக் கேன். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் மூடியை இறுக்கிவிட்டால் ஐந்து கிலோ தூக்கும். பந்தயப் படகுக்காரர்கள் போடும் மிதவைச் சட்டையின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கட்டும் இடம் முக்கியம். முதுகில் கட்டினால் முதுகு மேலே எழும், முகம் கீழே போகும். கை வீசி நீந்திப் பழகுகிறவருக்கு அது சரி, மயங்கினால் அதுவே எமன். இடுப்பில் கட்டினால் இன்னும் மோசம், பின்பக்கம் மேலே, தலை அடியில். உயிர் காக்கும் சட்டையில் மிதவையை நெஞ்சுப்பக்கம் அதிகம் வைப்பது, மயங்கினாலும் முகம் வானத்தைப் பார்க்கத்தான். யாராவது தத்தளித்தால் குதிக்குமுன் படித்துறையைச் சுற்றிப் பாருங்கள். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தள்ளினால் 15 கிலோ தூக்கும். மூடிய இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டை நெஞ்சோடு அணைத்தால் நான்கு கிலோ. முகத்தை வெளியே வைக்க அது போதும்.

நனைந்த புடவை கீழே இழுக்கும் என்பது பாதி பொய். தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை இல்லை. புடவை செய்யும் கேடு காலில் சுற்றிக்கொண்டு உதைக்க விடாமல் செய்வது. கரையேறும்போதுதான் அது பாரம்.

தடுப்பணைக்கும் மதகுக்கும் கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மேலே சொன்ன கணக்கு ஒன்றும் செல்லாது. தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு காற்றுக் குமிழி என்றால் ஒரு லிட்டர் 900 கிராம்தான். 61.6 லிட்டர் உடம்புக்கு 55 கிலோ மிதப்பு. முழு மூச்சோடு இருந்தும் நான்கரை கிலோ பாரத்தில் முழுகுவார். அங்கே தண்ணீர் மேலே அணைப்பக்கமாகத் திரும்பி ஓடுவதால் எவ்வளவு நீந்தினாலும் சுவரடிக்கே கொண்டுவரும். எத்தனை பெரிய நீச்சல்காரரும் குமிழியைப் பிடித்து நீந்த முடியாது. இது கட்டாயம் தவிர்க்க வேண்டிய இடம், திறமையைக் காட்டும் இடம் அல்ல.

தலை முங்கியபின்

மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடித் தண்ணீர் ஆறடியாகத் தெரியும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக. தெளிந்த குளத்தில் அடித்தளம் தெரிகிறதே என்று காலை வைத்தவருக்குக் கால் எட்டாமல் போவது இதனால். கலங்கிய தண்ணீரில் அடியே தெரியாது, அங்கே தலைகீழாகப் பாய்கிறவர் கழுத்தை உடைத்துக்கொள்கிறார். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம்.

ஒன்றிரண்டு மீட்டரிலேயே காது வலிக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதிச் சமன் செய்ய வேண்டும், வலி வருவதற்கு முன்பே. சளி பிடித்திருந்தால் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழல் திறக்காது, அன்றைக்கு அடியில் போக வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு போனால் செவிப்பறை கிழியும். கிழிந்த காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுற்றி மேல் எது கீழ் எது என்று தெரியாது.

கிணற்றில் குதிக்கிற பையன்களுக்குச் சொல்ல வேண்டிய எண் ஒன்று உண்டு. ஆழம் கூடக் கூட நுரையீரல் சுருங்குகிறது. 10 மீட்டரில் பாதி. நம் ஆளின் கணக்குப்படி நல்ல தண்ணீரில் சுமார் ஐந்து மீட்டரில், அதாவது 15, 16 அடியில், மிதப்பு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே விழுந்த குடத்தை எடுக்கப் போனால் சும்மா இருந்தால் மேலே வரமாட்டார், இன்னும் கீழே போவார். உதைத்துத்தான் ஏற வேண்டும், அதற்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். கடலில் அந்த எல்லை 15 மீட்டருக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கியது வெறும் வேகத்துக்காக அல்ல. முதல் பதினைந்து மீட்டர் கடல் அவர்களைத் திருப்பித் தள்ளும், அந்த மூன்று கிலோவை ஜெயிக்கும் உழைப்பைக் கல்லிடம் விட்டுவிட்டு, மூச்சைச் சிப்பி பொறுக்க மிச்சம் பிடித்தார்கள்.

யார் அதிக நேரம் அடியில் இருப்பது என்ற போட்டிக்கு முன் வேக வேகமாகப் பத்து மூச்சு இழுத்து விடுவார்கள். ஆக்சிஜன் அதனால் பெரிதாக ஏறாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெளியேறும். “மூச்சு விடு” என்று மூளையைத் தட்டி எழுப்புவது கார்பன் டை ஆக்சைடுதான். தட்ட ஆள் இல்லாததால் முட்டலே தெரியாமல் மயக்கம் வரும், பெரும்பாலும் மேலே வரும் கடைசி இரண்டு மூன்று மீட்டரில், ஏனென்றால் அழுத்தம் குறையும்போது மிச்சமிருந்த ஆக்சிஜன் இரத்தத்துக்குள் தள்ளப்படும் அழுத்தமும் விழுகிறது.

குளிர்

சும்மா இருக்கும் உடம்புக்குக் குளிரவும் சுடவும் செய்யாத தண்ணீர் 34 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சிகிச்சைத் தொட்டிகள் அதை ஒட்டி வைத்திருப்பார்கள். போட்டி நீச்சல் குளம் 25 முதல் 28. நம் சமவெளிக் கிணறு 27, 28. காற்றில் 28 டிகிரி வியர்க்கும், தண்ணீரில் 28 டிகிரி ஒரு மணி நேரத்தில் பையன்களை நடுங்க வைக்கும். குழந்தைக்கு எடைக்கு மிஞ்சிய தோல் பரப்பு, அதனால் முதலில் நடுங்குவது அதுதான். உதடு நீலமானால் பேச்சு வேண்டாம், வெளியே. விரல்நுனி சுருங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது தோல் தண்ணீர் குடித்து ஊறியது அல்ல, நரம்பு செய்யும் வேலை. நரம்பு அறுந்த விரல் சுருங்காது.

கனடா, நார்வே, பிரிட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு அளவுகோல். வெயில் அடிக்கும் மே மாதத்திலும் ஏரி பத்து டிகிரிக்குக் கீழே இருக்கலாம். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் உறைகுளிர்த் தண்ணீருக்குச் சொல்லும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறல், தலை முங்கியிருந்தால் முதல் திணறலே தண்ணீரை உள்ளே இழுக்கும். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கிறது. பெரும்பாலோர் குளிரில் விறைத்துச் சாவதில்லை, பலர் அந்த முதல் நிமிடத்திலேயே மூச்சைப் பறிகொடுத்துச் சாகிறார்கள். முதல் நிமிடத்தில் நீந்தாதீர்கள். மல்லாந்து கிடந்து மூச்சு கட்டுக்குள் வரட்டும்.

ஏறும்போது

இறங்குவதற்கு ஒவ்வொரு படியாகச் சொன்னது ஏறுவதற்கும் அப்படியே தலைகீழாகப் பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. தண்ணீரில் இருந்த நேரத்தில் சிறுநீரகம் கொஞ்சம் நீரைக் குறைத்துவிட்டது. இப்போது காலைச் சுற்றியிருந்த இறுக்கமும் விலகுகிறது. நெஞ்சிலிருந்த இரத்தம் காலுக்கு ஓடுகிறது. இரத்த அழுத்தம் சட்டென்று விழும். வெதுவெதுப்பான தொட்டியில் நெடுநேரம் இருந்தவர், இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர், வயதானவர், கடைசிப் படியில் கண் இருட்டி விழுவது இதனால். குளிர்ந்த கடலிலிருந்து ஆளை மீட்பவர்கள் செங்குத்தாகத் தூக்காமல் படுத்த வாக்கிலேயே தூக்கப் பார்ப்பதும் இதனால்தான்.

தொப்புள் அளவில் இரண்டு நிமிடம் நின்று காலை அசைத்துக்கொண்டிருங்கள். பிறகு முழங்கால் அளவுப் படியில் உட்காருங்கள், கால் தண்ணீரிலேயே இருக்கட்டும். 60 கிலோவும் திரும்பி வந்திருக்கும், ஊறிய பருத்திப் புடவை ஒரு கிலோவுக்கு மேல் சேர்க்கும். எழுந்ததும் துண்டால் துடைத்துவிடுங்கள், காற்றில் காய விடாதீர்கள். 100 மில்லி தண்ணீர் ஆவியாக 58 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி குளிர்விக்க 50 போதும். அந்த வெப்பம் முழுவதும் உடம்பிலிருந்தே போவதில்லை, காற்றும் கொஞ்சம் கொடுக்கும், ஆனால் காற்றடிக்கும் படித்துறையில் நனைந்த துணியோடு நிற்கும் குழந்தை தண்ணீருக்குள் இருந்ததைவிட வெளியே அதிகம் நடுங்குவது அந்த 58இன் வேலை.